டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். பெண்கள் எழுத்தறிவதே அரிதாக இருந்த காலம் அது. ஆடவர் மட்டுமே பயின்று வந்த மன்னர் கல்லூரியில் அவர் சேர முற்பட்டபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆதரவால் அது அடங்கிற்று. பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1914-ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணியையும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதையும், ஆதரவற்ற சிறுமியர்க்காக அவ்வை இல்லம் கண்டதையும் பலரும் அறிவர். அவர் வாழ்வின் மற்றொரு பகுதியையே இங்குக் காணப்போகிறோம்.

அம்மையாருக்குத் தங்கை ஒருவர் இருந்தார். இளம் வயதிலேயே அவரை ஒரு நோய் பற்றியது. முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. அதற்குரிய மருந்தே கொடுக்கப்பட்டது. ஆனால் அது சீதபேதியன்று. மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர். அவர்கள் இருவர் கண்ணெதிரிலேயே அந்த இளம்பெண்ணின் உயிர் பிரிந்தது.

சீதபேதி என்று முதலில் எண்ணியவரைப் பழித்தல் எளிது. ஆயினும் இரத்தப்போக்கும் வயிற்று உளைச்சலும் இரண்டு நோய்க்கும் பொதுவானவை. வேறுபாடு பிறகே புலப்படும். சீதபேதி தக்க மருந்தினால் தணியும். புற்றுநோய் அம்மருந்துக்குத் தணியாது. தணிந்ததுபோல் தோன்றினும் மீண்டும் தலைகாட்டும். அவ்வாறு மீண்டும் வரும் அறிகுறியை மருத்துவரிடம் மறுபடியும் எடுத்துரைக்க வேண்டும். அவரும் முதலில் கொண்ட முடிவை விடுத்து மீண்டும் ஆராய வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினும் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நோயென்று யார் கருதுவார்? மார்பிலே தோன்றும் சிறு கட்டியைப் பெண்கள் நாணத்தால் தாயிடமும் சொல்லாது மறைத்தனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர் வாயில் ஆறாத புண் கண்டால், சூடு என்று சொல்லிக் காலம் போக்கினர். இந்நோய் தொற்றும் என்ற வீண் அச்சமும், வந்தால் பிழைப்பதில்லை என்ற நம்பிக்கையின்மையும் பலரை மருத்துவமனை வாயிலை அணுகவொட்டாமல் தடுத்தன.

1925-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அம்மையார், புற்றுநோய்க்கென்றே இலண்டனில் இயங்கிவந்த மருத்துவமனையைக் கண்டார். அத்தகைய நிலையம் ஒன்று தம் நாட்டிலும் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அவ்விழாவில் அவர் இவ்விருப்பத்தை வெளியிட்டார். உடனே கைகொடுத்தவர் மிகச் சிலரே. எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தனர். காலத்தே வந்தவர் பிழைப்பர் என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே அரும்பாடாயிற்று. கட்டியை அறுத்து அகற்றலாம். ரேடியத்தின் கதிர்களால் அழிக்கலாம். ஆனால் அது பிற உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் இவ்விரண்டின் ஆற்றலும் குறைந்துவிடும்.

ஆண்டுகள் பல சென்றன. அம்மையாரும் இந்திய மாதர் சங்கத்தாரும் பொருள் திரட்டினர். தங்கை மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1952-இல், அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. மாளிகை ஒன்றும் எழுந்துவிடவில்லை, பன்னிரண்டே படுக்கைகள். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ஆம் ஆண்டு மறையும் வரையில் அவருக்கு அதுவே வீடாகவும் இருந்தது.

அங்கு வந்தவர்களிற் பலர் நோய் முற்றிய பின்னரே வந்தனர். சிறு கட்டியாக இருந்தபோது எளிதில் நீக்கக்கூடியதாயிருந்த ஒன்று, அவர்கள் வந்தபோது கைக்கு அடங்காததாய் வளர்ந்திருந்தது. ஆகவே மருத்துவர்கள் நோயாளிகளின் வருகையை எதிர்நோக்கி இருந்துவிடவில்லை, ஊர்களுக்குச் சென்றார்கள். நோய் ஏதுமில்லை என்று எண்ணி வீட்டுவேலையில் மூழ்கியிருந்த பெண்களையும் அழைத்துச் சோதித்தார்கள். ஆறாத புண்ணும், வலியில்லாத கட்டியும், மலத்தோடு செல்லும் இரத்தமும் கண்டால் உடனே வந்து சொல்லுமாறு எடுத்துரைத்தார்கள்.

அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் இயற்கை எய்தினார். பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையம் பன்மடங்கு பெருகி, அடையாற்றில் இன்றும் நோயாளிகளை ஏற்று வருகிறது.