வேங்கடத்தை நோக்கி நடந்த சிலம்புச் செல்வர்

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒருவர், ஒரு மாநிலத்தின் எல்லைக்கோடு எங்கே செல்ல வேண்டும் என்னும் வழக்கில் தொல்காப்பியப் பாயிரத்தையும் சிலப்பதிகாரத்தையும் சான்றாவணங்களாக எடுத்து வைத்தார். புலவர்கள் அந்நூல்களுக்கு உரை கண்டனர். அவர் அவற்றில் நில அளவைக் கல்லைக் கண்டார். அவரே ம.பொ.சி. என்னும் மூன்றெழுத்தால் தமிழுலகம் அறிந்த மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம்.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சார்ந்த சால்வன்குப்பத்தில் 1906ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் பொன்னுசாமி கிராமணியாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். வறுமை அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. இளமையில் பல கூலித் தொழில்களைச் செய்து, பின்னர் டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய ‘தமிழ்நாடு’ இதழின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் தொழில் அது. பிறர் எழுதிய தமிழை விரல்வழியே பயின்றவர் அவர். பின்னாளில் அவர் மேடைத்தமிழில் ஒரு சொல்லும் மிகையாக நில்லாமல் அமைந்ததற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

கள்ளிறக்கும் தொழிலோடு பிணைந்த தம் குலத்தாரிடையே நின்றுகொண்டு அவர் மதுவிலக்குப் பேசினார். வெள்ளையனை எதிர்ப்பதினும் சுற்றத்தாரை எதிர்ப்பது கடினம். இரண்டையும் அவர் ஒருங்கே செய்தார். விடுதலைப் போரில் பலமுறை சிறை புகுந்தார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் புரட்சியின்போது அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பற்றிய வயிற்று நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. சிறை தந்த மற்றொன்றும் நீங்கவில்லை, அது சிலப்பதிகாரம். புகாரும் மதுரையும் வஞ்சியும் மூன்று காண்டங்களாகி ஒரே கதையில் இணைவதை, முடியுடை மூவேந்தர் நிலமும் ஒரே தமிழகம் என்பதற்கான அரசியல் சாசனமாகவே அவர் படித்தார். இப்படிப் படிப்பது காப்பியத்தின் சுவையைக் குறைக்காதா என்று கேட்கலாம். குறைக்கக்கூடும். ஆனால், புலவர் அவையோடு நின்ற கண்ணகியைத் தெருமுனைக் கூட்டத்திற்கு அழைத்து வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ‘சிலம்புச் செல்வர்’ என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் ரா.பி. சேதுப்பிள்ளை.

1946 நவம்பர் 21ஆம் நாள் தமிழரசுக் கழகம் தோன்றியது. திராவிட நாடு கேட்டவர்கள் ஒரு புறம். மொழிவழி மாநிலம் என்ற பேச்சையே பிரிவினையாகக் கண்டு அஞ்சிய காங்கிரசு நண்பர்கள் மறுபுறம். இருவருக்கும் நடுவே அவர் கேட்டது, இந்திய ஒன்றியத்திற்குள் தன்னாட்சி பெற்ற தமிழ் மாநிலம். ஸ்பெயின் குடியரசுக்குள் தம் மொழிக்கும் மண்ணுக்கும் உரிய தன்னாட்சியைக் கட்டலோனியர் 1932இல் பெற்றதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் பெற்றதைச் சில ஆண்டுகளிலேயே பிராங்கோவின் ஆட்சி பறித்துக்கொண்டது. ம.பொ.சி.யின் கோரிக்கையோ முழுமையாகக் கிடைக்கவுமில்லை, முழுமையாகத் தோற்கவுமில்லை.

வேங்கடம் முதல் குமரி வரை என்பது அவர் வகுத்த எல்லை. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டிலேயே, ஆசிரியர் மங்கலங்கிழாரின் துணையோடு அவர் திருப்பதிக்குச் சென்று வடவேங்கட உரிமையைப் பேசினார். திருவண்ணாமலை வட்டாரத்தார்க்கு இச்செய்தி தொலைவானதன்று. சித்தூரும் திருப்பதியும் ஒரு காலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்டத் தலைநகரே சித்தூர்தான். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரிந்தது. வேங்கிக்காலில் இன்று ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டமும் 1989இல் அதே வடஆர்க்காட்டிலிருந்து பிறந்ததுதான். ஆட்சி வசதிக்காக இழுத்த ஒரு கோடு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இரு மொழியாரின் வழக்காக மாறியது.

1952 டிசம்பர் 15ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபின் ஆந்திர மாநிலம் உறுதியாயிற்று. சென்னை நகரை ஆந்திரத்திற்குத் தலைநகராக்க வேண்டும், தற்காலிகமாகவேனும் இடம் தர வேண்டும் என்னும் குரல்கள் வலுத்தன. முதலமைச்சர் இராஜாஜி அதனை உறுதியாக எதிர்த்தார். மாநகராட்சியில் மேயர் செங்கல்வராயன் தலைமையில் சென்னை தமிழர்க்கே உரியது என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பின்னின்று உழைத்தவர் ம.பொ.சி. 1953 மார்ச்சில் பிரதமர் நேரு, சென்னை நீங்கலான பகுதிகளைக் கொண்டே ஆந்திரம் அமையும் என அறிவித்தார். தலைநகர் காக்கப்பட்டது.

வட எல்லை அவ்வளவு எளிதில் தீரவில்லை. மறியல், சிறை, கடையடைப்பு எனப் போராட்டம் நீண்டது. அதன் சுமையைத் தாங்கியவர்களில் மங்கலங்கிழாரும் திருத்தணி கே. விநாயகமும் முதன்மையானவர்கள், தலைவரின் பெயரொளியில் அவர்கள் பெயர் மங்கிவிட்டது நேர்மையன்று. காங்கிரசா, கழகமா என்ற கேள்வி எழுந்தபோது, இளமை முதல் இருந்த காங்கிரசைவிட்டு 1954இல் ம.பொ.சி. வெளியேறினார். படாஸ்கர் ஆணையத்தின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர், ஓசூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. வேங்கடமலை கிடைக்கவில்லை. தெற்கே 1956இல் குமரி வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. முருகன் குன்று கிடைத்ததென மகிழ்ந்தவர்களும் திருமால் குன்று போயிற்றென வருந்தியவர்களும் ஒரே கழகத்தில் இருந்தனர்.

எழுத்தே அவருக்கு மற்றொரு களம். ‘செங்கோல்’ இதழை நடத்தினார். வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழன் என்று நாடறியச் செய்தது அவர் எழுதிய வரலாறு. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் எழுந்த காலத்தில் கம்பனுக்காக மேடையேறினார். ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ 1966ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. தன்வரலாறான ‘எனது போராட்டம்’ தம்மை நடுவில் வைத்தே சொல்லப்பட்ட நூல்தான். ஆயினும் அக்கால அரசியலை அறிய அதனை ஒதுக்கிவிட முடியாது.

திராவிட இயக்கத்தை நெடுங்காலம் எதிர்த்த அவர், 1967 தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் தியாகராய நகரில் நின்று சட்டமன்றம் சென்றார். பழைய தோழர் பலரும் இதை மன்னிக்கவில்லை. ஆனால் அந்த அவையில்தான், அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள், மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் நிறைவேறியது. இருபது ஆண்டுகள் தெருவில் கேட்டதை, கைதூக்கி ஒப்பும் உறுப்பினர்களுள் ஒருவராக அவர் கண்டார். அதற்குள் தமிழரசுக் கழகம் மெலிந்திருந்தது. அது கேட்டவற்றைப் பிறர் எடுத்துக்கொண்டிருந்தனர்.

பிறகு சட்டமேலவையின் துணைத்தலைவராகவும் தலைவராகவும் அமர்ந்தார். 1986இல் மேலவையே கலைக்கப்பட்டபோது தலைவர் இருக்கையில் இருந்தவர் அவர்தான். பெரிய மீசையும் வெண்ணிற உடையுமாக இலக்கிய மேடைகளில் சிலம்பு பேசுவது அதன்பின்னும் நிற்கவில்லை. 1995 அக்டோபர் 3ஆம் நாள் சென்னையில், தமிழர்க்கே என்று வாதாடிக் காத்த அந்நகரிலேயே, அவர் மறைந்தார்.