மேலே மேற்கு... கீழே கிழக்கு! தூண்டில் கயிறு காட்டிக்கொடுத்த கடல் ரகசியம்

க்ராம்வெல்னு இணையத்துல தேடினா, இங்கிலாந்து மன்னரை எதிர்த்து நின்ன ஆலிவர் க்ராம்வெல்தான் முதல்ல வருவார். நாம பார்க்கப்போறது வேற ஆள். டவுன்செண்ட் க்ராம்வெல். கடலாய்வாளர்கள் மத்தியில ரொம்பப் பிரபலம். ஒரு பிரமாண்ட நீரோட்டமே இவர் பேர்ல ஓடிக்கிட்டிருக்கு.

1922-ல் பிறந்த அமெரிக்கர். 1950-களின் தொடக்கத்தில் ஹவாயின் ஹொனலுலுவில், பசிபிக் மீன்வள ஆய்வுக்காக அமெரிக்க அரசு நடத்திய அமைப்பில் வேலை. சூரை மீன் எங்கே கூட்டமா இருக்கு, ஏன் அங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் அந்த அமைப்போட நோக்கம். புதுசா ஒரு நீரோட்டத்தைக் கண்டுபிடிங்கன்னு யாரும் இவரை அனுப்பலை.

1952. ஹவாய்க்குத் தெற்கே, பூமத்திய ரேகை ஓரமா நடுக்கடலில் சூரைக்காக லாங்லைன் போடுறாங்க. மைல் கணக்கில் நீளும் ஒரு கயிறு, அதிலிருந்து ஆழத்தில் தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்கள். அந்தப் பகுதியில் காற்றும் சரி, மேல்மட்டத் தண்ணியும் சரி, மேற்கு நோக்கித்தான் போகும். பாடப்புத்தகம், கடல் வரைபடம், மாலுமிகளின் அனுபவம் எல்லாமே அதைத்தான் சொல்லுது. ஆனா, தூண்டில் கிழக்கே போச்சு!

கயிறு சரியில்லை, கணக்கு தப்புன்னு சொல்லி இதை ஈஸியா கடந்து போயிருக்கலாம். க்ராம்வெல் அப்படி விடலை. தூண்டில் தொங்குற ஆழத்தில் தண்ணி எதிர்த்திசையில் ஓடினா மட்டும்தான் இது நடக்கும்னு யோசிச்சார்.

யோசிக்கிறது சுலபம். அளக்கிறதுதான் கஷ்டம். ஆத்துல தண்ணி ஓடுற வேகத்தைக் கரையில் நின்னு பார்த்துடலாம். நடுக்கடலில் கரை ஏது? கப்பலே நகர்ந்துக்கிட்டுதான் இருக்கும். கீழே நாலு கிலோமீட்டர் ஆழம், சாதாரணமா நங்கூரம் போட முடியாது. ஜி.பி.எஸ் எல்லாம் கற்பனையில்கூட இல்லாத காலம். கப்பலிலிருந்து ஒரு கருவியை இறக்கினா, அது காட்டுறது தண்ணியோட வேகமா, கப்பலோட வேகமான்னே குழப்பம் வரும்.

இதுக்கு இருந்த வழி ரொம்ப எளிமையானது (எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான்). மேலே சின்னதா ஒரு மிதவை. அதிலிருந்து மெல்லிய கம்பி. கம்பியோட முனையில், வேணுங்கிற ஆழத்தில், தண்ணியைப் பிடிச்சு இழுபடுற மாதிரி ஒரு பெரிய தடுப்பு. பின்னாட்களில் இதுக்கு பாராசூட்டையே பயன்படுத்தினாங்க. மேல இருக்கும் மிதவை சின்னது, கீழ இருக்கும் தடுப்பு பெருசு. அதனால மிதவை எங்கே போகணும்னு முடிவு பண்றது மேல்தண்ணி இல்லை, கீழ்த்தண்ணி. வெவ்வேறு ஆழத்துக்கு வெவ்வேறு மிதவை விட்டு, எது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தாங்க. ஆழத்துக்குப் போனது கிழக்கே நகர்ந்தது. தூண்டில் பொய் சொல்லலை.

க்ராம்வெல், ரேமண்ட் மான்ட்கோமரி, எட்வர்ட் ஸ்ட்ரூப் மூணு பேரும் சேர்ந்து 1954-ல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டாங்க.

இது ஏன் நடக்குது? காற்று மேல்தண்ணியை விடாம மேற்கே தள்ளுது. அதனால பசிபிக்கோட மேற்குப் பக்கம் கடல்மட்டம் கிழக்கைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிக்குது. உயரத்திலிருந்து தண்ணி பள்ளத்துக்குத் திரும்பணும் இல்லையா? மேலே காற்று விடாது, அதனால கீழே வழி தேடுது. மத்த இடங்களில் பூமியின் சுழற்சி ஓடுற தண்ணியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பூமத்திய ரேகையில் மட்டும் அந்தத் திருப்பம் பூஜ்யம். ஸோ, தண்ணி நேரா கிழக்கே பாயுது. கொஞ்சம் வடக்கேயோ தெற்கேயோ விலகினாலும், சுழற்சியே அதை மறுபடி ரேகைக்கு இழுத்து வந்துடும்.

இன்னொரு விஷயம். 1886-லேயே ஜான் யங் புக்கானன் என்ற விஞ்ஞானி, ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் தந்திக் கேபிள் வேலைக்குப் போன கப்பலில் இருந்து, அட்லாண்டிக்கில் இதே மாதிரி ஓர் அடிநீரோட்டத்தைக் கவனிச்சிருக்கார். அப்புறம் உலகமே அதை மறந்துடுச்சு!

சரி, பசிபிக்கில் ஓடுறது எவ்ளோ பெருசு? அதை முழுசா அளக்க, 1958-ல் ஜான் நாஸ் தலைமையில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் குழு கிளம்பியது. கிடைச்ச கணக்கு இது: அகலம் சுமார் 400 கிலோமீட்டர். தடிமன் வெறும் 200 மீட்டர், ஒரு ரிப்பன் மாதிரி. உச்ச வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது வேகமா நடக்கிற ஆளோட வேகம். ஒவ்வொரு நொடியும் சுமார் 4 கோடி கன மீட்டர் தண்ணி. காலபாகோஸ் தீவுகளில் மோதி இது மேலே வர்றதாலதான் அங்கே மேற்குக் கரையில் கடல் குளிர்ச்சியா இருக்கு. பூமத்திய ரேகையிலேயே பெங்குவின் வாழுது. எல் நினோ வந்தா இந்த ஓட்டம் தளர்ந்துபோகும். 1982-ல் நடு பசிபிக்கில் கொஞ்ச காலம் காணாமலே போச்சு.

இந்தக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து ரசிக்க க்ராம்வெல்லுக்கு நேரம் கிடைக்கலை.

அதே 1958, ஜூன் தொடக்கம். இன்னொரு ஆய்வுக் கப்பலில் சேர மெக்சிகோ வழியா விமானத்தில் போறார். கூடவே பெல் ஷிமாடா. சூரை மீன் ஆய்வில் பெரிய பேர், க்ராம்வெல்லோட ஹொனலுலு காலத்து சகா, அவரும் 1922-ல் பிறந்தவர்தான். ஜப்பானிய வம்சாவளி என்பதால் இரண்டாம் உலகப்போரில் சொந்த நாட்டு அரசாலேயே முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு அதே நாட்டின் ராணுவத்தில் சேவை செய்தவர். குவாதலஹாராவில் இருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விமானம் மலையில் மோதியது. அதில் இருந்த 45 பேரில் ஒருவரும் பிழைக்கலை. க்ராம்வெல்லுக்கு வயசு 35.

அவர் கண்டுபிடிச்ச ஓட்டத்துக்கு க்ராம்வெல் நீரோட்டம்னு சக ஆய்வாளர்கள் பேர் வெச்சாங்க. 1963-ல் டவுன்செண்ட் க்ராம்வெல் என்ற ஆய்வுக் கப்பலும் வந்தது. ஹொனலுலுவை மையமா வெச்சு கிட்டத்தட்ட 40 வருஷம் பசிபிக்கில் சுத்திட்டு, 2002-ல் ஓய்வு பெற்றது. 2010-ல் அமெரிக்க அரசு சேவைக்குக் கொண்டுவந்த இன்னொரு ஆய்வுக் கப்பலுக்குப் பேர், பெல் எம். ஷிமாடா.