ஈக்களுக்குப் பெயர் சூட்டியவர்

வேலையற்றவனை ஈ ஓட்டுகிறான் என்பது நம் வழக்கு. நானோ விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மெய்யாகவே ஈக்களோடு பொழுது கழிப்பவன். விடுதி நண்பர்கள் கேலி செய்வதில் வியப்பில்லை. அவர்களுக்கு விடையாக, வாழ்நாளெல்லாம் ஈக்களையே ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன். அவர் பெயர் யோகான் வில்லெல்ம் மைகன்.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் 1764 மே 3 அன்று அவர் பிறந்தார். செல்வக் குடியினர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் அல்லர். 1796 முதல் ஸ்டோல்பெர்க் என்னும் சிற்றூரில் பிரெஞ்சு மொழி கற்பித்துப் பிழைத்தார். வறுமை அவரை விடவில்லை. அவரும் ஈக்களை விடவில்லை.

அந்நாளில் ஈக்களை இனம் பிரிப்பது பெருங்குழப்பமாக இருந்தது. டென்மார்க்கு அறிஞர் பெப்ரீசியஸ் வாயுறுப்பை வைத்துப் பூச்சிகளை வகுத்திருந்தார். கடுகளவு ஈயின் வாயை ஆராய வேண்டுமானால் அந்த ஈயையே சிதைக்க நேரும். மைகன் ஓர் உறுப்பை மட்டும் நம்பவில்லை. உணர்கொம்பு, கண், கால், வயிறு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து நோக்கினார். சிறப்பாகச் சிறகின் நரம்புகளைக் கவனித்தார். ஆலிலை நரம்பு வேறு, மூங்கிலிலை நரம்பு வேறு அல்லவா? அவ்வாறே ஈயின் சிறகிலும் குலம் எழுதியிருக்கக் கண்டார்.

ஒளிப்படம் இல்லாத காலம் அது. ஈயை ஊசியில் குத்திச் சேர்த்து வைத்தார். உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துத் தம் கையாலேயே வரைந்தார். ஐரோப்பிய ஈக்களைப் பற்றிய அவரது பெருநூல் 1818 முதல் 1838 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான இனங்கள் அவரால் பெயர் பெற்றன.

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈ ஒன்றுக்கு, 1830-இல், கருவயிறு என்று பொருள்படும் மெலனோகாஸ்டர் என்ற பெயரை இட்டார். அந்த ஈயைக் கொண்டே மரபியலில் புதுவழி கண்ட மார்கன், 1933-இல் நோபெல் பரிசு பெற்றார். அதனோடு இரட்டைப் பிள்ளை போல் ஒத்திருக்கும் சிமுலன்ஸ் என்ற இனத்தை 1919-இல்தான் ஸ்டர்டிவன்ட் பிரித்துக் காட்டினார். இவ்விரண்டின் பெண் ஈக்களைப் படத்தில் மட்டும் பார்த்துப் பிரிப்பது இன்றும் அரிது. ஆண் ஈயைப் பிடித்து, அதன் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் நோக்கினால்தான் ஐயம் தீரும்.

கொசுவும் ஈயின் குலத்தைச் சேர்ந்ததே. கொசுக்களில் ஒரு பேரினத்துக்கு 1818-இல் மைகன் அனாபிலிஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதன் பொருள் பயனற்றது என்பதாகும். 79 ஆண்டுகள் கழித்து, 1897-இல், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியை ஒரு கொசுவின் வயிற்றில் கண்டார். அந்தக் கொசுவின் அறிவியற் பெயர் அவருக்குத் தெரியவில்லை. சிறகில் புள்ளியுடைய கொசு என்றே குறித்தார். அது அனாபிலிஸ். எல்லாக் கொசுக்களும் மலேரியாவைப் பரப்புவதில்லை. எது பரப்புகிறது என்று அறிந்தால்தான் எதை ஒழிப்பது என்று தெரியும். பயனற்றது என்று பெயர் பெற்ற கொசுவை அடையாளம் காண்பது, இவ்வாறு உயிர் காக்கும் கலையாயிற்று.

முதுமையில் மைகன் தம் ஈத்தொகுப்பைப் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். வாழ்வின் இறுதியில் பான் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்து அவரைச் சிறப்பித்தது. 1845 ஜூலை 11 அன்று அவர் மறைந்தார். அவர் வரைந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட வண்ணப் படப் பலகைகள் 1970-களில்தான் முழுமையாக அச்சேறின.

நண்பர்களே! நம் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. நொடியில் நூறு படம் எடுக்கலாம். சிறகு நரம்பு தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று, முகம் ஒன்று என எடுங்கள். இடமும் நாளும் குறியுங்கள். ஈயையும் பத்திரப்படுத்தினால் இன்னும் நன்று. இந்நாட்டில் பெயர் பெறாத பூச்சிகள் இன்னும் ஏராளம். அவற்றுக்குப் பெயர் சூட்டுவோர் வரிசையில் தமிழ் மாணவர் சிலரும் இடம்பெற வேண்டும் என்பதே என் ஆசை.