மரத்திற்குக் குரல் தந்தவர்

மாணவர்களே! கொச்சியில் கோயில் விழாக்களில் நடைபெறும் கருநாடக இசைக் கச்சேரிகளில், பாடகரின் அருகே ஒருவர் வயலின் வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். மேலை நாட்டிலிருந்து நமக்கு வந்த அக்கருவியைச் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி ஆவார்.

இவர் இத்தாலி நாட்டின் கிரிமோனா நகரில் வாழ்ந்தார். 1680ஆம் ஆண்டு இவர் வாங்கிய வீடே இவருடைய பட்டறையும் ஆயிற்று. புதல்வர் இருவர் இவருக்குத் துணைநின்றனர். மேற்பலகைக்கு இலேசான ஸ்புரூஸ் மரத்தையும், அடிப்பலகைக்கு உறுதியான மேப்பிள் மரத்தையும் கொண்டார். பலகையைச் சில மில்லிமீட்டர் கனம் வரும்வரை கையால் செதுக்கினார். கனம் மிகுந்தால் ஒலி மங்கும். மிகக் குறைந்தால் தந்திகளின் இழுப்பைப் பலகை தாங்காது. வயலினோடு செல்லோ, கிதார் ஆகியவற்றையும் செய்தார்.

புகழ் வந்த பின்னும் இவர் ஓய்ந்திருக்கவில்லை. 1690ஆம் ஆண்டு முதல் வயலினின் உடலைச் சற்று நீளமாக்கிச் செய்துபார்த்தார். சில ஆண்டுகளில் அம்முறையைத் தாமே கைவிட்டு, பழைய அளவிற்குத் திரும்பினார். அதன்பின், 1700 முதல் 1725 வரை செய்தவையே தலைசிறந்தவை எனப் போற்றப்படுகின்றன. தொண்ணூறு வயதைக் கடந்தும் உழைத்த இவர், 1737ஆம் ஆண்டு மறைந்தார்.

இவரை அடக்கம் செய்த தேவாலயம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. ஆயினும், இவர் செய்த ஏறத்தாழ 650 இசைக்கருவிகள் இன்றும் உள்ளன. அவற்றுள் பல, இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன.