கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

பழம்பொருள்களைப் பேணுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட பெருமகனார் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி தமிழர். தாயார் எலிசபெத் ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த அவர், இங்கிலாந்தில் வளர்ந்தார்.

நிலவியல் கற்றுத் தேர்ந்து, 1903இல் இலங்கைக்குத் திரும்பிக் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கற்களைத் தேடிச் சென்ற ஊர்களில் கைத்தொழில்கள் அழிந்து வருவதைக் கண்டு மனம் வருந்தினார். தச்சர், குயவர், நெசவாளர் ஆகியோரின் தொழில்முறைகளைக் கேட்டறிந்து எழுதினார். துணைவியார் எதெல் நிழற்படம் எடுத்தார். அவை 1908இல் பெருநூலாக வெளிவந்தன. அச்சிட்டவை 425 படிகளே.

பின்னர் இந்தியாவில் அரிய ஓவியங்களைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு அந்நாட்டிலேயே அருங்காட்சியகம் அமைக்க விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவரும் அங்கே காப்பாளராகி, 1947இல் மறையும் வரை தொண்டாற்றினார்.

பேணுவாரின்றேல் நம் செல்வம் நம்மை விட்டு நீங்கிவிடும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். பெட்டாலிங் ஜெயாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெற்றோர்களே! தோட்டத் தொழிலாளப் பெருமக்களே! பால்மரம் வெட்டிய கத்தியையும் மங்கையும் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். மாணவர்களே! பாட்டனார், பாட்டியார் எத்தோட்டத்தில் வளர்ந்தனர், சிறுவயதில் என்ன விளையாடினர் என்று கேட்டு, இன்றே ஏட்டில் எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாமே காப்போமாக!