காணாக் கரை வரைந்த கடலோடி

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வணிகர் காஸ்மாஸ். இந்தியக் கடலோடி எனப் பொருள்படும் 'இண்டிகோப்ளூஸ்டஸ்' என்னும் அடைமொழியைப் பிற்காலத்தார் அவர்க்குச் சூட்டினர்.

வாணிகம் அவரைச் செங்கடல் வழியே எத்தியோப்பியாவரை கொண்டு சென்றது. அதூலிஸ் துறையில் பழைய கிரேக்கக் கல்வெட்டொன்றைப் படியெடுத்தார். கல் மறைந்துவிட்டது, அவர் எடுத்த படியே இன்று சான்று. இலங்கையின் வாணிகத்தையும், மலையாளக் கரையின் மிளகுத் துறைகளையும் எழுதினார். அவர் 'காபர்' எனக் குறித்த துறை நம் காவிரிப்பூம்பட்டினமே என்பர் ஆய்வாளர். எத்தியோப்பிய அரண்மனையில் ஒற்றைக்கொம்பு விலங்கின் வெண்கல உருவங்களைக் கண்டவர், உயிருள்ள விலங்கைத் தாம் கண்டதில்லை என்பதையும் மறவாது எழுதிவைத்தார். அத்துணை நேர்மையாளர்.

ஒருமுறை ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையை அடுத்துக் கலம் சென்றபோது, பருந்தினும் இருமடங்கு பெரிய பறவைகள் கூட்டமாய்த் தலைக்குமேல் தொடர்ந்தன. பெருங்கடல் நெருங்கிவிட்டதன் அறிகுறி அது. அலைகள் மலையென எழுந்தன. நீரோட்டம் இழுத்துச் சென்றால் மீட்சியில்லை என அஞ்சிய மாலுமிகள், கலத்தை இடப்புறம் திருப்புமாறு மீகாமனிடம் கதறினர். காஸ்மாஸ் உயிர்பிழைத்தார்.

துறவு பூண்டபின், கி.பி. 550ஐ ஒட்டி, 'கிறித்தவ நில விளக்கம்' என்னும் நூலை எழுதினார். அதில் அந்தப் பெருங்கடலை மனத்தாலே கடந்தார். உலகம் தட்டையானது, நீளம் அகலத்தைப்போல் இருமடங்கு, சுற்றிலும் பெருங்கடல். அதற்கு அப்பாலும் நிலம் உண்டு; அதன் கிழக்கே ஏதேன் தோட்டம். ஊழிவெள்ளத்துக்கு முன் மாந்தர் அங்கேதான் வாழ்ந்தனர். நோவாவின் பேழையே அவர்களை இக்கரை சேர்த்தது. அந்நிலத்தின் விளிம்பில் வானம் சுவராய் எழுந்து, பெட்டியின் மூடிபோல் வளைந்து கவிகிறது. மோசேயின் திருக்கூடாரமே அவர்க்கு உலகின் மாதிரி.

அதே நகரில் அதே காலத்தில் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் பிலோபோனஸ், உலகம் உருண்டை என்பதை ஏற்றவர். 9ஆம் நூற்றாண்டில் ஃபோட்டியஸ் என்னும் பேரறிஞரும் காஸ்மாஸின் கொள்கையை ஏற்கவில்லை. இடைக்கால உலகம் முழுவதும் தட்டை நிலத்தையே நம்பியதென்பது பிழை.

மாலுமிகள் அஞ்சித் திரும்பிய இடத்தில் காஸ்மாஸ் ஒரு தோட்டத்தைக் கண்டார். மாந்தர் இழந்த பழைய வீட்டைக் கடலுக்கு அப்பால் வைத்த அக்கற்பனை ஒரு பெருங்காப்பியத்துக்குப் போதும். அதனை அவர் கவிதையாகப் பாடியிருந்தால் எவரும் மறுத்திரார். நில அளவையாக நிறுவ முற்பட்டதனாலேயே நகைப்புக்கு உள்ளானார். விலங்கைக் கண்டதில்லை என்று எழுதிய கை, அக்கரையைக் கண்டதில்லை என்று எழுத மறந்தது. காணாததைப் பாடும் உரிமை பாவலர்க்கு என்றும் உண்டு. கண்டதையும் கனவையும் பிரித்தறியும் கடமையும் அவர்க்கே உண்டு.