கெல்வின் பிரபு

கல்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்துள்ள ரிஷிவந்தியத்தில் சித்திரைத் திங்களின் நண்பகல் வெயில் மிகக் கடுமையானது. மண் சுடும்; காற்றும் அனலாய் வீசும். அவ்வேளையிலும் ஆழ்ந்த கிணற்றிலிருந்து இறைத்த நீர் உடலுக்குக் குளிர்ச்சி தரும். மார்கழி வைகறையிலோ அதே நீர் வெதுவெதுப்பாக இருக்கும். உண்மையில் நீரின் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. மேலே உள்ள காற்றின் வெப்பநிலையே மாறுகின்றது. நிலத்தடியில் நான்கைந்து ஆள் ஆழத்தில் உள்ள மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றது. இம்மண்ணைத் துணையாகக் கொண்டு, வீட்டைக் கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் வெதுப்பவும் இன்று பொறிகள் உள்ளன. அவற்றிற்கு அடிப்படையான அறிவை உலகிற்கு அளித்தோருள் தலைசிறந்தவர் கெல்வின் பிரபு.

அவருடைய இயற்பெயர் வில்லியம் தாம்சன். அவர் 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவருக்குக் கணிதப் பேராசிரியரான தந்தையே ஆசானாகவும் விளங்கினார். தந்தைக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணி கிடைக்கவே, குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதிலேயே வில்லியம் அப்பல்கலைக்கழகத்தில் மாணவரானார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்து, 1846இல், தம் 22ஆம் வயதில், கிளாஸ்கோவிலேயே பேராசிரியராக அமர்ந்தார். 53 ஆண்டுகள் அப்பணியை ஆற்றினார்.

வெப்பம் என்பது யாது, அது எவ்வாறு செல்கின்றது என்பனவே அவர் சிந்தையை ஆட்கொண்ட வினாக்கள். 1848இல் அவர் வெப்பநிலைக்குத் தனி அளவுமுறை ஒன்றை வகுத்தார். நீர் உறையும் நிலைக்குக் கீழே ஏறத்தாழ 273 பாகையில் அம்முறையின் சுழி அமைகின்றது. இன்றும் அவ்வளவு அவர் பெயராலேயே வழங்குகின்றது.

வெப்ப நாடுகளின் வீடுகளைப் பொறிகொண்டு குளிர்விக்கலாம் என்னும் கருத்தை எடின்பரோ வானியலறிஞர் பியாட்சி ஸ்மித் அக்காலத்தில் வெளியிட்டிருந்தார். தாம்சன் அக்கருத்தை மேலும் வளர்த்தார். நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் பாய்வதுபோல், வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்கே செல்லும். பள்ளத்து நீரை மேட்டிற்குக் கொணர ஏற்றம் வேண்டும். ஏற்றம் இறைப்பவன் நீரைப் படைப்பதில்லை. உள்ள நீரை உயர்த்துகின்றான். அதுபோலவே வெளியில் உள்ள வெப்பத்தைப் பொறியால் உயர்த்தி வீட்டிற்குள் கொணரலாம். பொறியைத் திருப்பி இயக்கினால் வீட்டு வெப்பத்தை வெளியேற்றவும் செய்யலாம். விறகையோ நிலக்கரியையோ நேரே எரித்து வெப்பம் பெறுவதைவிட இதற்குக் குறைந்த எரிபொருளே போதும் என்பதை 1852இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

அவரது ஆராய்ச்சி மண்ணிற்குள்ளும் சென்றது. எடின்பரோவில் ஏறத்தாழ 25 அடி ஆழம்வரை வெப்பமானிகள் புதைக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகள் குறிக்கப்பட்ட அவ்வளவுகளை அவர் 1860இல் ஆராய்ந்தார். ஆழம் மிகுந்தோறும் கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு சுருங்குவதையும், மேற்பரப்பின் வெப்பம் கீழே சென்று சேரப் பல திங்கள் ஆவதையும் அவை காட்டின.

அப்பெரியாரும் பிழைபட்டதுண்டு. பூமியின் உள்வெப்பத்தைக்கொண்டு அதன் வயது 2 கோடி ஆண்டிற்கும் 40 கோடி ஆண்டிற்கும் இடைப்பட்டது என்று 1862இல் கணித்தார். பூமியின் ஆழத்தில் உள்ள பாறை மெல்ல அசைந்து வெப்பத்தைக் கடத்துவதை அவர் கருதவில்லை. 1895இல் அவருடைய பழைய உதவியாளரான ஜான் பெர்ரி இதனைச் சுட்டிக்காட்டியும் அவர் தம் கொள்கையை விடவில்லை. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று.

அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி அமைக்கும் பணியில் அவர் பெரும்பங்கு கொண்டார். 1858இல் இட்ட கம்பி சில வாரங்களிலேயே பழுதுபட்டது. ஆயினும் முயற்சி தளரவில்லை. 1866இல் வெற்றி கிட்டியது. 1892இல் அவர் பிரபுப் பட்டம் பெற்றார். ஆனால் வீட்டை வெதுப்பவும் குளிர்விக்கவும் அவர் கூறிய வழி மட்டும் ஏட்டளவிலேயே நின்றது. அந்நாளில் நிலக்கரி மலிவு, அப்பொறியோ பெரிது. 1907ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

விதை பின்னரே முளைத்தது. 1912இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சோலி, மண்ணின் வெப்பத்தைப் பயன்கொள்ளும் முறைக்கு உரிமம் பெற்றார். 1948இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு பெருங்கட்டடம் கிணற்று நீரின் துணையால் வெதுப்பவும் குளிர்விக்கவும் பட்டது. இன்று வீடுகளிலும் மண்ணுள் குழாய்களைப் புதைத்து, அவற்றில் நீரைச் சுழலவிடுகின்றனர். கோடையில் அந்நீர் வீட்டு வெப்பத்தை மண்ணில் சேர்க்கும். குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை வீட்டிற்குக் கொணரும். நம் நாட்டு மண்ணோ குளிர்நாட்டு மண்ணைவிட வெப்பம் மிக்கது. பெரும்பாலும் குளிர்விக்கவே பொறி இயங்குமாதலால், சேர்ந்த வெப்பம் மண்ணிலேயே தங்கிவிடவும் கூடும். ஆதலின் மண்ணின் இயல்பை அளந்தறிந்து, போதிய நீளத்திற்குக் குழாய் அமைத்தல் இன்றியமையாதது.

தம் கருத்தின் பயனைக் காணக் கெல்வின் உயிரோடு இல்லை. ஆயினும் மெய்யறிவு வீண்போவதில்லை. பனை விதைத்தவன் அதன் பயனை நுகராதொழியினும், அவன் வழிவந்தோர் நுகர்வர்.